துரை என்று எழுதியது தவறில்லை

என் தாத்தாவின் பெயரை இதில் எங்கும் எழுதப்போவதில்லை. மறந்துவிடவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுத்துக் கூட்டிச் சொல்வேன். ஒரு வருடம் அந்தப் பெயரை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவள் நான். ஆனால் அவரைக் கட்டிக்கொண்டவள் சாகும்வரை அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. அவள் சொல்லாததை நான் ஊருக்குச் சொல்லி என்ன கிழிக்கப்போகிறேன்? துரை என்றே எழுதுகிறேன். ராயபுரத்தில் எல்லோருக்கும் அவர் துரைதான்.

வெள்ளைக்காரர். கப்பல் இன்ஜினியர். இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊரில் பிறந்தவர். அவர் வேலை பார்த்த கப்பல் ரிப்பேருக்காக மெட்ராஸில் நின்றது. கிளம்பும்போது அவரை விட்டுவிட்டுக் கிளம்பியது. துறைமுகப் பக்கம் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். நாடு சுதந்திரம் வாங்கி மற்றவர்களெல்லாம் மூட்டை கட்டியபோதும் அவர் கட்டவில்லை. பட்டறை வாசலில் வறுத்த மீன் விற்றுக்கொண்டிருந்த குப்பத்துப் பெண்ணை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டார். அவள்தான் என் ஆயா. ஆயா என்றால் எங்கள் பக்கம் அப்பாவைப் பெற்றவள். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், இந்த ஒரு சொல்லால் பின்னால் பெரிய ரகளையே நடந்தது. துரை, ஆயா இரண்டு பேரையும் நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

துரை காய்ச்சலில் இறந்தபோது என் அப்பாவுக்கு, நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன், எட்டு வயது. அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் அவருக்குச் சொந்தப் பெயரே கிடையாது. 'தொர மவன்' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அதில் மரியாதை இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிழிந்த டவுசர் போட்டுக்கொண்டு, தலைமுடி மட்டும் கொஞ்சம் செம்பட்டையாக, ஒரு பையன் மதியச் சோற்று வரிசையில் நிற்கும்போது "தொரைக்கு ஸ்பூன் குடுங்கடா" என்று கத்தினால் அது மரியாதையா? பெரம்பூர் ரயில்வே காலனியில் இருந்த சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு ஆல்பம் இருந்தது, சர்ச் இருந்தது, லண்டனில் இருந்து கடிதம் போட அத்தை இருந்தாள். எங்களுக்கு ஒன்றும் இல்லை. நைனா கப்பல்களில் சிப்பிங் வேலைக்குப் போனார். பழைய பெயின்டையும் துருவையும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பெயின்ட் அடிக்கும் வேலை. முப்பத்தைந்து வருடம் சுரண்டினார்.

என் காலத்தில் கேலி வேறு மாதிரி. நான் நல்ல கறுப்பு, என் அம்மாவைப் போல. "தொர பேத்தியா நீ? வெயில்ல காய வெச்சிட்டாங்களா?" என்பார்கள். முதலில் அழுதேன், பிறகு அடித்தேன். ஆறாம் வகுப்பில் ஒருத்தியின் பல் ஆடிப்போனது. அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை.

நான் ரீஃபர் டெக்னீசியன். மீனும் மருந்தும் பழமும் கெடாமல் கப்பலில் போவதற்குக் குளிர்பெட்டி கன்டெய்னர்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் இயந்திரத்தைப் பழுது பார்ப்பவள். திருவொற்றியூர் தாண்டி ஒரு கன்டெய்னர் யார்டில் பன்னிரண்டு வருடம். பன்னிரண்டு வருடமும் கான்ட்ராக்ட். எனக்குப் பின்னால் வந்தவர்கள், என்னிடம் கேஜ் பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள், ஒவ்வொருத்தராக நிரந்தரம் ஆனார்கள். நான் கேட்கும்போதெல்லாம் மேனேஜர் ஒரே பாட்டு பாடுவார்: "லேடீஸுக்கு நைட் ஷிப்ட் கஷ்டம்மா." நான் நைட் ஷிப்டில் நின்றுகொண்டிருக்கும்போதே என்னிடம் இதைச் சொன்ன மனிதர் அவர்!

அந்த வெறுப்பில்தான் வெளிநாட்டு வேலை தேட ஆரம்பித்தேன். வளைகுடாவுக்கு ஏஜென்டுகள் கூப்பிட்டார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றார்கள், போங்கடா என்றுவிட்டேன். ஒருநாள் மதியம் எலுமிச்சைச் சாதத்தைப் பிசைந்துகொண்டே போனில் படித்துக்கொண்டிருந்தபோது அந்த விதி கண்ணில் பட்டது. காமன்வெல்த் நாட்டுக்காரராக இருந்து, தாத்தாவோ பாட்டியோ இங்கிலாந்தில் பிறந்தவராக இருந்தால், அந்த வம்சாவளியைக் காட்டி அங்கே போய் வேலை செய்யலாம். ஐந்து வருட விசா. எந்த முதலாளியும் முன்கூட்டியே வேலை தர வேண்டியதில்லை. பிடிக்கவில்லையென்றால் ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போகலாம். அதாவது, எவன் தயவும் வேண்டாம். என் பன்னிரண்டு வருட வேலையில் யாரும் எனக்குக் கொடுக்காத வாக்கியம் அது. சாதம் கையிலேயே காய்ந்துபோகும்வரை திரும்பத் திரும்பப் படித்தேன்.

வீட்டில் சொன்னேன். நைனா ரேடியோவை அணைத்தார்.

"இன்னா சொன்ன?"

"உங்கப்பா பொறந்த ஊருக்கு வேலைக்குப் போறேன் நைனா. அவரு பேத்தின்னு சொல்லித்தான்."

"அந்த ஊரு வோணாம்னுதான எங்கப்பன் இங்க வந்து படுத்துக்கினு கீறாரு? அவருக்கே வோணாத எடம் உனக்கு இன்னாத்துக்கு?"

"அவரு இஷ்டப்பட்ட ஊருக்கு அவரு வந்தாரு. நான் இஷ்டப்பட்ட ஊருக்கு நான் போறேன். அவரு கப்பல்லேர்ந்து எறங்கி வந்தப்ப உங்க தாத்தா சர்டிபிகேட்ட காட்டுன்னு எவனாச்சும் கேட்டானா?"

"வாய பாரு" என்றார் அம்மாவிடம். அம்மா மீன் செதிலைத் தேய்த்துக்கொண்டே, "உன் வாய்தான்யா அது" என்றாள்.

கோபப்பட்டாரே தவிர, காகிதங்களைத் தடுக்கவில்லை. தகரப் பெட்டியில் இருந்து தன் பிறப்புச் சான்றிதழை அவரே எடுத்துக் கொடுத்தார். துரையின் கல்யாணப் பதிவின் நகலை நான் வாங்கினேன். அதில் அவர் முழுப் பெயர், பிறந்த ஊர், ஆயாவின் பெயர், கீழே ஆயாவின் கைநாட்டு. அந்தப் பெயரை வைத்து இங்கிலாந்துக்கு எழுதி அவருடைய பிறப்புச் சான்றிதழையும் வரவழைத்தேன். எல்லாம் கச்சிதம். பிறகு நைனாவின் சான்றிதழை எடுத்து மேஜையில் மற்ற இரண்டின் பக்கத்தில் வைத்தேன். தாய் பெயர், ஆயாவின் பெயர், சரி. தந்தை பெயர்: துரை.

துரை. அவ்வளவுதான். தாத்தாவில் இருந்து எனக்கு வரும் சங்கிலி நைனாவிடம் அறுந்து நிற்கிறது. அங்கே பிறந்தவருக்கு ஒரு பெயர், இங்கே பிள்ளை பெற்றவருக்கு இன்னொரு பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று எந்தக் காகிதம் சொல்லும்?

"ஆயா இன்னாத்துக்கு துரைன்னு குடுத்துச்சு?" என்று அம்மாவிடம் கத்தினேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பின்ன? புருசன் பேர எப்பிடி சொல்லும்? அவருக்கு வேலையிருந்துச்சு, உங்காயாதான் பதிய போச்சு. எழுதற ஆளு கேட்டாரு, புள்ளைக்கு அப்பன் யாருன்னு. அது வாயத் தொறக்கல. அல்லாரும் இன்னா சொல்லி கூப்டுவாங்கன்னாரு. தொரைன்னுச்சு. எழுதிட்டாரு. எத்தினி தபா எங்கிட்ட சொல்லி சிரிச்சிக்கீது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளிநாட்டு விசா எழுதிக் கொடுக்கும் ஆலோசகர் ஒருவரிடம் போனேன். நகரத்தின் அந்தப் பக்கம், ஏசி ரூம், கண்ணாடி மேஜை. தெற்கத்திக்காரர், நிதானமாகப் பேசுபவர். அவரிடம் முழுக் கதையையும் சொன்னேன். எங்க ஆயா மீன் விற்றது, எங்க ஆயா ரிஜிஸ்டர் ஆபீசில் கைநாட்டு வைத்தது, எங்க ஆயா பெயர் சொல்லாதது. அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, விசா அதிகாரிக்கு ஒரு விளக்கக் கடிதம் தயாரிப்பதாகச் சொன்னார். அடுத்த வாரம் போனபோது கடிதம் இங்கிலீஷில் தயாராக இருந்தது.

படித்தேன். மறுபடியும் படித்தேன். 'அந்தக் கனவானின் வீட்டு வேலைக்காரியான பெண், படிப்பறிவில்லாதவர் என்பதால், தவறுதலாகத் தந்தையின் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்' என்று எழுதியிருந்தது.

"வேலைக்காரின்னு எவன் சார் சொன்னது?"

"நீங்கதானேம்மா. ஆயா ஆயான்னு பத்து தடவை சொன்னீங்க."

"ஆயான்னா எங்க பாட்டி சார்! எங்க நைனாவ பெத்தவங்க! உங்க ஊரு பள்ளிக்கூடத்துல புள்ளைக்கி மூக்கு தொடைக்கிற ஆயா இல்ல!"

பக்கத்து அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. அவர் முகம் வெளிறிவிட்டது, பாவம். உண்மையாகவே வருத்தப்பட்டார், அந்தச் சொல்லை உடனே அடித்தார். ஆனால் 'தவறுதலாக' என்பதை மட்டும் அடிக்க மாட்டேன் என்றார். "ஏம்மா, தவறுன்னு ஒத்துக்கிட்டா அதிகாரிக்கு ஒரு பரிதாபம் வரும். படிக்காதவங்க, தெரியாம செஞ்சாங்கன்னு விட்டுருவாங்க. இதுல கௌரவம் பாக்காதீங்க."

"அது தெரியாம சொல்லல சார். தெரிஞ்சுதான் சொல்லுச்சு. அதோட ஊர்ல அதான் வழக்கம். தப்பே பண்ணாதவங்க தப்பு பண்ணாங்கன்னு நான் கையெழுத்து போடணுமா?"

"அப்ப ரிஜெக்ட் ஆகும்."

"ஆவட்டும்" என்று ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வீறாப்பெல்லாம் அந்த வாசல்வரைதான். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யானைக்கவுனி வரும்வரை அழுதேன். ஒரே ஒரு வழி திறந்தது, அதையும் வாயால் மூடிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வீட்டில் அம்மாதான் சொன்னாள். "சமாதி கல்லு மேல அந்த இங்கிலீஷ் பேரு, தொரைன்ற பேரு ரெண்டும் கீதுன்னு உங்காயா சொல்லும். பட்டறை ஆளுங்க போட்ட கல்லு."

துரையின் கல்லறை காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த நாளில் இருந்து அது வெள்ளையடித்த ஒரு கல். ஆயா உயிரோடு இருந்தவரை அவள் வருடா வருடம் சுண்ணாம்பு அடித்தாளாம், பிறகு நைனா. கல்லறைத் திருநாளுக்கு மற்றவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நைனா தேங்காய் உடைப்பார், சாமந்தி மாலை போடுவார், சுண்ணாம்பின் மேல் நீலப் பெயின்டால் 'துரை' என்று எழுதுவார். அந்த ஒரு நாளுக்காகவே ஒரு சின்ன பிரஷ் தனியாக வைத்திருந்தார். ஐம்பது அறுபது பூச்சு. அடியில் எழுத்து இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

"சொரண்டி பாக்கணும் நைனா" என்றேன்.

"கைய வெச்சின்னா வெட்டிடுவேன்" என்றார். "எங்கம்மா அடிச்ச சுண்ணாம்பு அது. நான் அடிச்ச சுண்ணாம்பு. உன் விசாவுக்கு எங்கப்பன் மூஞ்சிய சொரண்டுவியா?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நான் என் டூல்பேக்கில் இருந்து ஸ்கிரேப்பரையும் கம்பி பிரஷ்ஷையும் இரண்டு பாட்டில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை திரும்பும்போது பார்த்தேன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் எனக்கு நேர் எதிரே இன்னொரு கல்லின் விளிம்பில் குந்திக்கொண்டார். நான் சுரண்ட ஆரம்பித்தேன். அவர் திட்ட ஆரம்பித்தார். பொண்ணா பெத்தேன், பேயைப் பெத்தேன் என்றார். வெள்ளைக்காரன் நாட்டில் போய்க் குளிரில் விறைத்துச் சாவு என்றார். எனக்கும் வாய் இருக்கிறதே.

"உன் சர்டிபிகேட்டுல உங்கப்பன் பேரு இல்ல நைனா. அவன் இவன் வெச்ச பட்டப்பேருதான் கீது. எழுவது வயசாவுது உனக்கு. பேஜாரா இல்லியா?"

நான் கம்பி பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன். அவ்வளவுதான், பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டார்.

"கயிதே, கம்பி பிரஷ்ஷா? எழுத்து பூடும்! இன்னா வேலை கத்துக்கினியோ. தள்ளு!"

முப்பத்தைந்து வருடம் கப்பல் சுரண்டிய கை. முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டார். பிறகு ஸ்கிரேப்பரைச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், தோசைக்கல்லில் இருந்து தோசை எடுப்பது போலச் சுண்ணாம்பை ஏடு ஏடாகத் தூக்கினார். வெள்ளை, நடுவில் நீலம், மறுபடி வெள்ளை, மறுபடி நீலம். ஒவ்வொரு நீலத்திலும் ஒரு பழைய துரை. ஒரு ஏட்டில் 'துரை' கோணலாக, பெரிய எழுத்தில் இருந்தது. "எங்கம்மா போனதுக்கு அப்பால நான் மொத மொதல்ல எழுதனது. அப்பெல்லாம் கை ஆடும்" என்று சொல்லி அதை உடைக்காமல் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வெயில் உச்சிக்கு வரும்போது கல் தெரிந்தது.

மேலே இங்கிலீஷில் அவருடைய முழுப் பெயர், பிறந்த ஊர், கப்பல் இன்ஜினியர் என்று. கீழே தமிழில், கொஞ்சம் எழுத்துப் பிழையோடு: 'எங்கள் துரை. பட்டரைத் தொழிலாளர் வைத்தது.'

இரண்டும் ஒரே கல்லில். கல்லுக்கு முன்னால் ஒரு குதி குதித்துவிட்டேன், சொல்ல வெட்கமில்லை. திரும்பிப் பார்த்தால் நைனா அந்த இங்கிலீஷ் எழுத்துகளின் பள்ளத்தில் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு லுங்கி நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எனக்கு அவர் மேல் அத்தனை ஆசையாக இருந்தது அந்த நிமிடம். போட்டோ எடுத்தேன். அன்றே அவர் கல்லைக் கழுவித் துடைத்து, மறுபடி சுண்ணாம்பு அடிப்பதில்லை என்று முடிவு செய்தார்.

கல்லோடு ஒரு சாட்சியும் இருந்தால் நல்லது என்று அம்மாவைப் பாரிமுனையில் ஒரு நோட்டரியிடம் கூட்டிக்கொண்டு போனேன். மாமியாரோடு பல வருடம் ஒரே வீட்டில் இருந்தவள், மாமியார் சொன்னதைப் பிரமாணமாகச் சொல்லலாம் அல்லவா. மரத்தடியில் டைப் அடிப்பவர் பேப்பரைச் சொருகிக்கொண்டு கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் பேர் சொல்லுங்கம்மா."

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். "அதான், அவரு."

"அவர்னா?"

"ஆறுபடை வூட்டுக்காரரு கீறாரே."

"முருகனா?"

"அவரேதான். ஆனா அந்தப் பேரு இல்ல. வேற பேரு."

"அவருக்கு ஆயிரம் பேரும்மா!"

"அதுல ஒண்ணு" என்றாள் அம்மா, பிரச்சினை தீர்ந்த மாதிரி.

இவள் நைனாவை 'யோவ்' என்றுதான் கூப்பிடுவாள். விடிந்து எழுந்தால் அவரைத் திட்டாமல் இருக்க மாட்டாள். ஒருமுறை சட்டியால் மண்டையில் போட்டிருக்கிறாள். பெயரை மட்டும் சொல்ல மாட்டாள். டைப் அடிப்பவர் தலையில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே பொறி தட்டியது. அன்றைக்கு அந்தப் பதிவு எழுதியவர் எதிரில் இப்படித்தானே ஆயா நின்றிருப்பாள்! நைனாவின் பெயரை நானே சொன்னேன். பிறகு, "சார், இன்னொண்ணும் சேத்து அடிங்க" என்றேன். "'என் கணவரின் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. என் மாமியாரும் சொன்னதில்லை. இது எங்கள் வழக்கம்.' அப்படியே அடிங்க."

"இதையெல்லாம் யாரும் போட மாட்டாங்கம்மா."

"நாங்க போடுவோம்."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, ஆயா அன்று கைநாட்டு வைத்தாளே, இவள் கையெழுத்தே போட்டாள். அவ்வளவு பெரிய கையெழுத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை.

விளக்கக் கடிதத்தை நானே எழுதினேன். என் இங்கிலீஷ் யார்டு இங்கிலீஷ். கம்ப்ரசர் பற்றி எழுதிப் பழகியது. எது, எங்கே, ஏன் என்று மட்டும் எழுதினேன். என் பாட்டி தவறு செய்யவில்லை, கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னார், அந்த ஊரில் அந்த மனிதருக்கு அதுதான் பெயர், கல்லைப் பாருங்கள், மருமகளின் பிரமாணத்தைப் பாருங்கள் என்று. பரிதாபப்படுங்கள் என்று ஒரு வரி கூட இல்லை. எல்லாவற்றையும் விண்ணப்பத்தோடு சேர்த்து, விசா ஆபீசில் கைரேகை கொடுத்துவிட்டு வந்து ஏழு வாரம் காத்திருந்தேன். அந்த ஏழு வாரமும் யார்டில் என்னை "இன்னாம்மா மகாராணி, கெளம்பலியா?" என்று கேட்டார்கள். மேனேஜர் மட்டும் ரகசியமாக, "போகாதே, நிரந்தரத்துக்கு அடுத்த மார்ச்சில் பார்க்கலாம்" என்றார். எத்தனை மார்ச் பார்த்திருக்கிறேன்!

விசா கிடைத்துவிட்டது. ஒரு கேள்வி இல்லை, ஒரு திருத்தம் இல்லை. ஆலோசகருக்கு போன் போட்டுச் சொன்னேன். மனிதர் நல்லவர்தான், வாய்விட்டுச் சிரித்தார். "உங்க ஆயாவுக்கு என் வணக்கம்மா" என்றார்.

இப்போது தாத்தா பிறந்த அதே துறைமுக ஊரில் இருந்துதான் இதை எழுதுகிறேன். அவர் வாழ்ந்த தெருவைத் தேடிப் போனேன், கார் நிறுத்தும் இடமாக இருந்தது, திரும்பி வந்துவிட்டேன். அவருக்காக நான் வரவில்லை. குளிர்பெட்டி டிப்போ ஒன்றில் வேலை, முதல் நாளில் இருந்தே நிரந்தரம். அந்த முதல் நாள் காலை ஷிப்ட் போர்டில் எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டிருந்த சூப்பர்வைசர், நல்ல மனிதர், என் பெயரை இரண்டு தடவை முயன்றுவிட்டுச் சிரித்தார். நீளமாக இருக்கிறது, நாக்கில் வரவில்லை, உன்னை இப்படிக் கூப்பிடட்டுமா என்று கேட்டு, போர்டில் ஒரு குட்டி இங்கிலீஷ் பெயரை எழுதினார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் போய் அதைக் கையுறையாலேயே அழித்துவிட்டு, என் பெயரை முழுதாக எழுதினேன்.

"எங்கள் வீட்டில் ஒருவர் பெயரைச் சொல்லாமல் விட்டதால் நான் ஒரு வருடம் அலைந்தேன்" என்றேன். "என் பேத்தி அப்படி அலையக் கூடாது. சொல்லுங்கள்."

ஒன்றும் புரியாமல்தான் சொன்னார். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

அன்று வேலை முடிந்து வீட்டுக்கு போன் போட்டேன். நைனா எடுத்தார். சாப்பாடு, குளிர், சட்டை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "அங்க உன்ன இன்னான்னு கூப்டறாங்கோ?" என்றார்.

"என் பேர சொல்லித்தான் நைனா."

"முழுசாவா?"

"முழுசா."

பின்னால் அம்மா, "யோவ், போன குடுய்யா" என்று கத்துவது கேட்டது. நைனா கொடுக்கவில்லை. தன் அப்பாவின் பெயரை, கல்லில் இருந்த அந்த முழுப் பெயரை, பாதியில் இடறி மறுபடி பிடித்து, ஒரு தடவை சொன்னார். அவர் வாயால் அதை நான் கேட்பது அதுதான் முதல் தடவை.

"செரியா சொல்றனா?" என்றார்.

"செரியாத்தான் சொல்ற நைனா" என்றேன். "இன்னொரு தபா சொல்லு."